எழுதியவன் மாண்டான், படித்தவன் காத்தான்!

ஓர் எழுத்தாளன் இறந்துபோகிறான். இரங்கல் கூட்டம் நடக்கிறது. படத்துக்கு மாலை விழுகிறது. பேச வந்தவர்கள் பேசுகிறார்கள். கேட்க வந்தவர்கள் கண் கலங்குகிறார்கள். பிறகு ஆண்டுக்கொருமுறை நினைவு நாள். அன்றைக்கு ஒரு மாலை, ஒரு கூட்டம், ஒரு தீர்மானம். இதெல்லாம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அன்பின் அடையாளம் அது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம். மாலை வாடிய மறுநாள் காலையில், அந்த எழுத்தாளனுடைய எழுத்துக்கு யார் காவல்?

உயிரோடிருப்பவன் தன் எழுத்தைத் தானே காத்துக்கொள்வான். ஒரு வரியை மாற்றினால் சண்டைக்கு வருவான். ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் மறுப்பு எழுதுவான். செத்தவனுக்கு வாய் ஏது? அவன் எழுதியதில் பாதியை வெட்டி எறிந்தாலும் கேட்க அவன் எழுந்து வரப்போவதில்லை. நம்பிக்கை ஊட்ட அவன் எழுதிய நூலை, நம்பிக்கையைக் கொல்லும் நூலாக மாற்றி விற்றாலும் அவன் மறுக்கப்போவதில்லை.

அப்படி ஒரு கொடுமை நடந்தது. நாற்பத்தோராண்டுக் காலம் அது நீடித்தது. அதைத் துடைத்தவர் ஒரு வாசகர். பேராசிரியரல்ல, பிரபுவல்ல; பிடித்த புத்தகத்தைப் பிடித்த பிடி விடாமல் இருந்த ஒரு சாதாரண மனிதர். அவர் கதையைத்தான் நம் தோழர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறோம்.

தென் இங்கிலாந்தில் கடலோரத்தில் ஹேஸ்டிங்ஸ் என்று ஓர் ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊருக்கு ஒரு பெயிண்டர் பிழைக்க வந்தார். பெயர் ராபர்ட் நூனன். 1870-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவுக்குப் போய் கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் வேலை பார்த்தவர். தாயில்லாமல் வளர்ந்த ஒரே மகள் காத்லீன் அவரோடு இருந்தாள். வீட்டுச் சுவருக்கு வர்ணம் அடிப்பதும், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதும், மாதா கோயில் சுவரிலே சித்திர வேலை செய்வதும் அவர் தொழில். சமூக ஜனநாயகக் கூட்டமைப்பு என்ற சோஷலிஸ்டுக் கட்சியின் உள்ளூர்க் கிளையில் உறுப்பினர். கிளைக்குக் கொடி வரைந்து கொடுத்ததும் அவர்தான். நெஞ்சிலே காசநோய்.

பகலெல்லாம் சாரத்தின்மேல் நின்று வேலை. இரவெல்லாம் மேசைமுன் உட்கார்ந்து எழுத்து. இப்படிச் சில ஆண்டுகள் உழைத்து, 1910-ல் ஒரு நாவலை முடித்தார். கையெழுத்தில் ஏறக்குறைய 1,600 பக்கம்! ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘தி ராகெட் டிரவுசர்ட் பிலாந்த்ரபிஸ்ட்ஸ்’. ‘கந்தல் கால்சட்டைக் கொடைவள்ளல்கள்’ என்று நாம் தமிழில் சொல்லலாம். பெயிண்டர்கள் வேலைக்குப் பயன்படுத்தும் முக்காலிப் பலகைக்கு ஆங்கிலத்தில் ‘டிரெஸ்ஸல்’ என்று பெயர். அதையே தம் புனைபெயராக்கி, ராபர்ட் டிரெஸ்ஸல் என்று கையெழுத்திட்டார். எழுதுகோல் பிடித்தபோதும் தொழிலை மறக்காத மனிதர்!

யார் அந்தக் கந்தல் உடுத்த வள்ளல்கள்? தொழிலாளிகள்தான். உழைப்பையெல்லாம் முதலாளிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, தாங்கள் பட்டினி கிடக்கிறவர்களை வேறு என்னவென்று அழைப்பது? முகஸ்பரோ என்று பெயர் மாற்றப்பட்ட ஹேஸ்டிங்ஸ் நகரில், ரஷ்டன் கம்பெனியில் கூலிக்கு வேலை செய்யும் பெயிண்டர்களின் ஓராண்டு வாழ்க்கைதான் கதை. விரட்டி விரட்டி வேலை வாங்கும் மேஸ்திரி உண்டு. வயதாகிவிட்டதென்று விரட்டப்படும் முதியவர் உண்டு. நைந்துபோன கயிற்றை மாற்றாததால் ஏணியோடு விழுந்து சாகும் தொழிலாளி உண்டு. நடுவில் பிராங்க் ஓவன் என்ற பெயிண்டர். மனைவி, மகன், இருமல், வறுமை — இவையே அவன் சொத்து. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் சக தொழிலாளிகளைச் சுற்றி உட்கார வைத்து, நாம் ஏன் ஏழைகளாக இருக்கிறோம் என்று விளக்குவதை அவன் விடுவதில்லை.

ரொட்டித் துண்டை வைத்து அவன் நடத்துகிற பாடம் உலகப் புகழ் பெற்றது. ரொட்டித் துண்டுகள் மூலப்பொருள். பேனாக்கத்தி மூன்று; அவை இயந்திரங்கள். செப்புக்காசு மூன்று, அவை பணம். எல்லாம் முதலாளியின் கையில். தொழிலாளி ரொட்டியை மூன்று சிறு கட்டிகளாக வெட்டித் தரவேண்டும். அது ஒரு வார வேலை. கூலி ஒரு பவுன். வேலை முடிந்தது, கூலியும் வந்தது. சாப்பிட வேண்டுமே! சந்தையிலே ஒரு கட்டியின் விலை என்ன? அதே ஒரு பவுன். தன் கையால் செய்த மூன்றில் ஒன்றைத் தன் கூலியைக் கொடுத்து வாங்கித் தின்கிறான். பணம் முதலாளிக்கே திரும்பிவிட்டது. பாக்கி இரண்டு கட்டியும் அவரிடமே குவிகிறது. அடுத்த வாரமும் இப்படியே. கடைசியில் சரக்குக் குவிந்துவிட்டது என்று முதலாளி கதவைச் சாத்துகிறார். தொழிலாளி தெருவில் நிற்கிறான். பொருளாதாரப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை, ஒரு பெயிண்டர் ஒரு ரொட்டியிலே சொல்லிவிட்டார்!

இப்படிப்பட்ட புத்தகத்துக்கு என்ன வரவேற்பு? மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினார். மூன்றும் வேண்டாமென்று சொல்லிவிட்டன. மனமுடைந்துபோனவர் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போடத் துணிந்தார். மகள்தான் தடுத்துக் காப்பாற்றி, ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கனடாவுக்குப் போனால் பிழைக்கலாம் என்று எண்ணி லிவர்பூல் துறைமுகம்வரை போனார் நூனன். கப்பல் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1911 பிப்ரவரி 3-ஆம் நாள், நாற்பதாவது வயதில் இறந்தார். அநாதைகளைப் புதைக்கும் இடத்தில், வேறு பன்னிரண்டு ஏழைகளோடு ஒரே குழியில் அவரைப் புதைத்தார்கள். கல்லில்லை, பெயரில்லை, அடையாளமில்லை. ஓர் எழுத்தாளர் இறந்தார் என்று அன்றைக்கு எவருக்கும் தெரியாது.

காத்லீன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்து பிழைத்தாள். தகரப் பெட்டியில் இருந்த நாவலைப் பற்றி, தனக்குத் தெரிந்த ஜெஸ்ஸி போப் என்ற எழுத்தாளப் பெண்மணியிடம் சொன்னாள். அவர் வழியாகக் கையெழுத்துப் பிரதி பதிப்பாளரிடம் போயிற்று. 1914-ல் புத்தகம் வெளிவந்தது. உரிமை முழுவதற்கும் சேர்த்து மகளுக்குக் கிடைத்த தொகை 25 பவுன்.

நம் தோழர்கள் கணக்கு அறிந்தவர்கள்; போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். 25 பவுனுக்கு 6,000 பென்ஸ். நாவலில் வருகிற தேர்ந்த பெயிண்டருக்கு மணிக்கு 7 பென்ஸ் கூலி. அப்படியானால் 25 பவுன் என்பது 857 மணி நேரக் கூலி! ஒரு மனிதன் தன் உயிரைக் கரைத்து எழுதிய 1,600 பக்கத்துக்கும், நூறாண்டு தாண்டியும் விற்பனையாகிக்கொண்டிருக்கிற ஒரு நூலுக்கும், விலை இவ்வளவுதான். ரொட்டிப் பாடத்தை எழுதியவரின் மகளே அந்தப் பாடத்துக்கு எடுத்துக்காட்டானாள்.

அதைவிடப் பெரிய கொடுமை புத்தகத்தின் உள்ளே நடந்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் சொற்கள் கொண்ட நாவல், 1914-ல் ஒன்றரை லட்சமாகச் சுருங்கியது. வெட்டியவர் ஜெஸ்ஸி போப். சோஷலிசத்தை விளக்கும் பகுதிகள் பெரும்பாலும் போயின. முதல் உலகப் போர் மூண்டபோது, இளைஞர்களே போருக்குப் போங்கள் என்று பாட்டெழுதிப் புகழ் பெற்றவர் அந்த அம்மையார். அவர் கையில் இருந்த கத்தரி எந்தப் பக்கம் வெட்டும் என்று சொல்லவும் வேண்டுமா? 1918-ல் ஒரு ஷில்லிங் விலையில் மலிவுப் பதிப்பு வந்தது. அது ஏறத்தாழ 90,000 சொற்களாகக் குறைந்தது.

முடிவையும் மாற்றிவிட்டார்கள். மனைவியையும் மகனையும் கொன்று தானும் சாகலாமா என்று ஓவன் எண்ணுகிற இருண்ட இடத்தில் கதையை நிறுத்தினார்கள். எழுதியவர் வைத்த முடிவு அதுவல்ல. அவர் இருட்டைக் காட்டினார். அதற்கப்பால் ஒரு விடியலையும் காட்டினார். விடியலை வெட்டினார்கள், இருட்டை விற்றார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுவோம். அந்த அம்மையார் இல்லாவிட்டால் புத்தகம் தகரப் பெட்டியைவிட்டு வெளியே வந்திருக்காது. அந்த அளவுக்கு அவருக்கு நன்றி உண்டு. ஆனால் பிள்ளையைக் கிணற்றிலிருந்து தூக்கியவர் என்பதற்காக, அந்தப் பிள்ளையின் நாக்கை அறுக்க அவருக்கு உரிமை உண்டா?

வெட்டுண்ட நிலையிலும் அந்த நூல் தொழிலாளிகளிடம் போய்ச் சேர்ந்தது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் கைமாறிக் கைமாறிக் கந்தலாயிற்று. 1940-ல் பெங்குவின் பதிப்பகம் மலிவு விலையில் வெளியிட்டது; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்துச் சிப்பாய்களும் படித்தார்கள். 1945 தேர்தலில் தொழிற்கட்சிக்கு வெற்றி தேடித் தந்தது இந்தப் புத்தகம்தான் என்று சொல்லுவார் உண்டு. ஆலன் சில்லிட்டோ என்ற எழுத்தாளர் மலேயாவில் விமானப் படையில் பணிபுரிந்தபோது, அவருடைய பத்தொன்பதாவது வயதில், கிளாஸ்கோ நகரத்துத் தோழர் ஒருவர் அப்படிச் சொல்லித்தான் இந்த நூலை அவர் கையில் கொடுத்தாராம். தலைவர்களின் பரிந்துரையால் பரவிய புத்தகமல்ல இது. ‘நீ இதைப் படி’ என்று ஒருவன் இன்னொருவனிடம் நீட்டியதால் பரவியது.

இத்தனை பேர் படித்தார்களே, எழுதியவர் யார் என்று கேட்டார்களா? டிரெஸ்ஸல் என்பது உண்மைப் பெயரா? எங்கே பிறந்தார்? எங்கே புதைந்தார்? அவர் எழுதியது இவ்வளவுதானா? ஏறக்குறைய யாருக்கும் விடை தெரியாது.

கேட்டார் ஒருவர். அவர் பெயர் பிரெட் பால். அதே ஹேஸ்டிங்ஸ் நகரில், உழைக்கும் குடும்பத்தில், 1905-ல் பிறந்தவர். டிரெஸ்ஸல் இறந்தபோது அவர் சின்னஞ்சிறுவர். வளர்ந்தபின் நாவலைப் படித்தார். நம் ஊர்க் கதை, நம் தெருக் கதை, நம்மவர் கதை என்பது விளங்கியது. படித்து மகிழ்ந்ததோடு நின்றாரா? இல்லை. இந்த நூலை நமக்குத் தந்தவனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று எண்ணினார். அன்றைக்குத் தொடங்கிய வேலை அவருடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது.

ஊரிலே வயதான பெயிண்டர்களைத் தேடிப் போனார். நூனனோடு ஏணி சுமந்தவர்கள், நூனனோடு கட்சிக் கூட்டத்துக்குப் போனவர்கள், தகராறு செய்தவர்கள் — எல்லோரையும் கண்டு பேசினார், சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார். அவர்களும் அன்றைக்குக் கிழவர்கள். பத்தாண்டு தாமதித்திருந்தால் அந்த வாய்களும் மூடியிருக்கும். டிரெஸ்ஸலின் வாழ்க்கை அவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். காலத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடினார் அந்த வாசகர்.

1946-ல் கையெழுத்துப் பிரதி இருக்குமிடத்தைக் கண்டுபிடித்தார். அது வேறொருவர் கையில் இருந்தது. விலை கொடுக்கவேண்டும். செல்வரா அவர்? நண்பர்களின் துணையோடு பணம் திரட்டி வாங்கினார். பிரித்துப் பார்த்தபோதுதான் புலப்பட்டது, எவ்வளவு பெரிய அநியாயம் நடந்திருக்கிறது என்பது. அடிக்கப்பட்ட பக்கங்கள், மாற்றப்பட்ட வரிசை, ஒதுக்கப்பட்ட முடிவு! ஒவ்வொரு தாளாக எடுத்து, எழுதியவர் எழுதிய முறையில் அடுக்கும் வேலையில் இறங்கினார். நமக்கு முன்னால் வைத்துப் பார்ப்போம்: ஆயிரத்து அறுநூறு பக்கம், செத்துப்போன ஒருவரின் கையெழுத்து, கூலியில்லா வேலை. காதல் இல்லாதவன் செய்வானா இதை?

1951-ல் டிரெஸ்ஸலின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1955-ல் நாவல் முழுமையாக வெளிவந்தது. லாரன்ஸ் அண்ட் விஷார்ட் பதிப்பகம் வெளியிட்டது. எழுதியவர் வைத்த முடிவோடு, எழுதியவர் நடத்திய பாடங்களோடு, எழுதியவர் மறைந்து நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு! கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரசின் பொறுப்புக்குப் போயிற்று. இன்று லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள அதன் நூலகத் தொகுப்பில் பாதுகாப்பாக இருக்கிறது. மூன்று பதிப்பகங்கள் வேண்டாமென்றது. ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. இன்று ஒரு நாட்டுத் தொழிலாளி வர்க்கத்தின் சொத்து.

வேலை முடிந்தது என்று பிரெட் பால் ஓய்ந்தாரா? இல்லை. மகள் காத்லீன் இறந்துவிட்டார் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் அவர் இங்கிலாந்திலேயே உயிரோடிருப்பது தெரியவந்தது. உடனே அவரைப் போய்க் கண்டார். தாம் முன்பு எழுதிய வரலாற்றில் இருந்த ஓட்டைகள் தெரிந்தன. வேறு யாராவதாக இருந்தால், போட்டது போட்டதுதான் என்று விட்டிருப்பார்கள். அவரோ மறுபடி உட்கார்ந்து, 1973-ல் புதிய வரலாற்று நூலொன்றை எழுதி வெளியிட்டார்.

இந்த இடத்தில்தான் பக்தி வேறு, பற்று வேறு என்று நாம் பிரித்துக் காட்ட விரும்புகிறோம். பக்தன் தன் தெய்வத்துக்குக் கதை கட்டுவான், குறையை மறைப்பான், கேள்வி கேட்டவன்மேல் பாய்வான். பற்றுள்ள வாசகன் உண்மையைத் தேடுவான். டிரெஸ்ஸலின் தந்தை ஏழைப் பாட்டாளி அல்லர். அயர்லாந்துப் போலீசில் அதிகாரியாக இருந்தவர் என்பது பின்னால் தெரிந்தது. அவர் பிறந்தபோது இட்ட குடும்பப் பெயர் நூனன் அல்ல, குரோக்கர். இதனால் டிரெஸ்ஸல் குறைந்துபோனாரா? அவர் எழுதிய ஒரு வரியாவது பொய்யாயிற்றா? இல்லையே! வசதியான வீட்டுச் சுவட்டில் பிறந்தும், வர்ணவாளியைத் தூக்கி உழைப்பவனோடு நின்றார் என்பது அவருக்குப் பெருமையே. உண்மையால் குறைந்துபோகிற புகழ் புகழல்ல, பூச்சு. பூச்சு வேலையைப் பற்றி டிரெஸ்ஸலுக்குத் தெரியாதா என்ன?

புதைகுழியும் கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டது. 1970 அளவில் லிவர்பூலில் இடம் அடையாளம் காணப்பட்டு, 1977-ல் கல் நாட்டப்பட்டது. இறந்து அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து அவருக்குப் பெயர் கிடைத்தது. ஹேஸ்டிங்ஸில் அவர் சித்திரம் தீட்டிய மாதா கோயில் 1970-ல் இடிக்கப்பட்டபோது, சுவரோவியத்தின் ஒரு பகுதியைக் காப்பாற்றினார்கள். இன்று அது அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மில்வார்ட் தெருவில் அவர் குடியிருந்த வீட்டிலே அவர் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. ஒன்று கவனியுங்கள் தோழர்களே: முதலில் புத்தகம் மீட்கப்பட்டது; கல் பிறகுதான் வந்தது. அதுதான் சரியான வரிசை. கல்லை முதலில் நட்டுவிட்டுப் புத்தகத்தை மறந்துபோவது எளிது. கல்லுக்கு மாலை போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடலாமல்லவா?

சிலர் கேட்கக்கூடும்: “கூலி உயர்வுக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் போராடுகிற தொழிலாளிக்கு, செத்துப்போன எழுத்தாளனைப் பற்றி என்ன கவலை? சோறா போடும் புத்தகம்?” போடாது; உண்மைதான். ஆனால் சோறு ஏன் இல்லை என்று சொல்லும். தன் நிலையைத் தன் மொழியில், தன் சாரத்தின்மேல் நின்று சொல்லக்கூடிய எழுத்தாளன் எந்த நாட்டிலும் நூற்றுக்கு ஒருவன்கூட வருவதில்லை. அப்படி ஒருவன் வந்து, அவன் சொல்லையும் வெட்டவிட்டோமானால், அடுத்த தலைமுறைத் தொழிலாளி மறுபடி முதலிலிருந்து யோசிக்கவேண்டும். முன்னவன் பட்ட பாடும் கண்ட தெளிவும் வீண். ஆகவே எழுத்தைக் காப்பதும் போராட்டத்தின் ஒரு பகுதியே.

“ஒற்றை வாசகனால் என்ன ஆகும்?” என்றும் கேட்கக்கூடும். 1914 முதல் 1955 வரை படித்தவர் பல்லாயிரவர். அவர்களில் ஒருவர் கேள்வி கேட்டார். வெட்டுண்ட புத்தகம் முழுதாயிற்று. அவர் கேட்டிராவிட்டால், ஓவன் இன்னும் அந்த இருட்டறையிலேயே நின்றுகொண்டிருப்பான். டிரெஸ்ஸல் நம்பிக்கையற்றவர் என்று விமரிசகர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். பிரெட் பால் 1988-ல் மறைந்தார். அவர் காத்த நூல் இன்றும் படிக்கப்படுகிறது.

ஆகவே தோழர்களே, உங்கள் நெஞ்சிலே நிலைத்துவிட்ட எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் ஒருவராவது இருப்பார். அவர் மறைந்திருக்கலாம். அவர் படத்தை வீட்டில் மாட்டியிருப்பீர்கள். நினைவு நாளில் மாலையும் போடுவீர்கள். நல்லது. அதோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அவர் எழுதியதெல்லாம் அச்சில் இருக்கிறதா? அச்சில் இருப்பதெல்லாம் அவர் எழுதியபடி இருக்கிறதா? அவரோடு பழகியவர்களில் இன்னும் உயிரோடிருப்பவர் யார், அவர் சொல்வதை யாராவது எழுதிக்கொண்டார்களா? விடை தெரியாவிட்டால், வேலை காத்திருக்கிறது என்று பொருள்.

வீட்டுப் பரணில் பழைய இதழ்க் கட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், பிரித்துப் பாருங்கள். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஊரில் முதியவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியிடம் நீட்டி, ‘இதைப் படி’ என்று சொல்லுங்கள்.

எழுதியவன் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான். பாக்கி வேலை படித்தவனுடையது.